கூகைக்கிழங்குக் கஞ்சியும் ஐயா கேட்ட தண்ணியும்

என்னைப் பெத்த ஐயாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தாப்பிறகு, அவர் எங்களிட்டைக் கேட்டது ஒண்டே ஒண்டுதான்: தண்ணி. அதை மட்டும் குடுக்கக்கூடாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். தொண்டை சரியாய் மூடாதாம், தண்ணியாய் இருக்கிறதெல்லாம் சுவாசப்பைக்குள்ளை போயிடுமாம். "தடிப்பாய்க் குடுங்கோ, மெல்லமாய் இறங்கட்டும்" எண்டார்.

தடிப்பாக்கிற சாமானுக்கு எங்கை போறது? சண்டையெண்டு குளிக்கிற சவர்க்காரத்துக்கே அரசாங்கம் தடை போட்டிருந்த காலம், கோன்பிளவர் மாவா வரும்? பண்டத்தரிப்பிலை ஒரு வீட்டுக் கோடிக்குள்ளை கூகைக்கிழங்கு நிண்டது. கிண்டி, இடிச்சு, அலசி, அடியிலை தங்கின மாவைக் காயவைச்சன்.

அந்த மாவுக்குச் சரியான கெப்பர், தலைக்கனம். பச்சையாய்க் கொஞ்சத் தண்ணியிலை கரைக்கேக்கை அவசரப்பட்டுக் கரண்டியை இழுத்தால் கல்லு மாதிரி நிக்கும். ஆறுதலாய் இழுத்தால் வழிவிடும். காய்ச்சினாப்பிறகு நேரெதிர்: சும்மா விட்டால் தடிப்பாய் இருக்கும், அடிச்சுக் கிண்டினால் இளகி ஓடும். எச்சில் கரண்டியைத் திருப்பி உள்ளை வைச்சாலோ, கொஞ்ச நேரத்திலை முழுக்கத் தண்ணி. எனக்கெண்டால் பொறுமை மருந்துக்கும் இல்லை. எத்தினை சட்டியைக் கொட்டியிருப்பன்.

ஐயா அதை முகத்தைச் சுழிச்சுக்கொண்டு விழுங்குவார். "தண்ணி தா பிள்ளை" எண்டு கொன்னிக் கொன்னிக் கேப்பார். எனக்குப் பத்திக்கொண்டு வரும். "என்னைக் கொலைகாரியாக்கப் போறியளோ?" எண்டு கத்துவன். பிறகு குசினிக்குள்ளை போய் அழுவன்.

ஒருநாள் பொம்பர் பிளேன் குண்டு போட வர, ஐயாவைப் பங்கர்க் குழிக்குள்ளை இறக்கி ஏத்தினம். புழுதியிலை அவருக்கு மூச்சு இழுத்தது. அவரின்ரை தங்கச்சி, என்ரை மாமி, "அண்ணை போகப்போறார்" எண்டு கடைசிப் பால் விடக் கரண்டியோடை வந்திட்டா. நான் கையைப் பிடிச்சன்.

"சாகாத மனிசனுக்கு என்னத்துக்கு மாமி பால்? உந்தப் பால்தான் அவரைக் கொல்லும்."

மாமி கரண்டியை எறிஞ்சுபோட்டுப் போனா. கன நாள் என்னோடை கதைக்கேல்லை. கதைக்காட்டிப் போகட்டுமெண்டு விட்டிட்டன். அந்தக் கஞ்சியிலை ஐயா இன்னுமொரு மாரிகாலத்தைக் கண்டார்.

பிறகு காய்ச்சல் வந்தது. இனி விரும்பினதைக் குடுங்கோ எண்டு டொக்டர் சொன்னார். மாமியைக் கூப்பிட ஆள் அனுப்பினது நான்தான். அவ அழுதழுது பால் விட்டா. நான் கிணத்திலை அள்ளி, பச்சைத் தண்ணி ஒரு கரண்டி விட்டன். ஒரு சொட்டுப் பட்டாலே இருமி இருமி முகம் சிவக்கிற மனிசன். கரண்டியைக் கையிலை வைச்சுக்கொண்டு அந்த இருமலுக்குப் பாத்துக்கொண்டு நிண்டன்.

ஐயா இருமேல்லை.