நான் போகாத நார்வே

பயணச்சீட்டு போடுகிற தொழிலில் இருப்பவனுக்கு உலகத்தில் தெரியாத ஊர் கிடையாது, பார்த்த ஊரும் கிடையாது. கல்யாண வீட்டில் முந்நூறு பேருக்கு அல்வா கிண்டிவிட்டுச் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொள்ளும் சமையல்காரர்களே, அடுத்தவர் கழுத்தில் நகையைப் பூட்டிவிட்டுக் கண்ணாடி காட்டும் கடைப் பெண்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குப் புரியாது.

அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் எங்கள் அலுவலகம். இருபத்திரண்டு வருடமாக துபாய், தோஹா, குவைத் என்று டிக்கெட் போட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தப் பயணிகளைப் பார்த்து எனக்கு ஒருநாளும் பொறாமை வந்ததில்லை. பிழைக்கப் போகிறவன் டிக்கெட்டைக் கையில் வாங்கும்போதே முகம் வாடித்தான் வாங்குவான். வினை வந்தது அவர்களுடைய பிள்ளைகளால். படித்து ஐரோப்பாவுக்கு வேலைக்குப் போன பிள்ளைகள், அத்தாவுக்கும் அம்மாவுக்கும் நார்வே கப்பல் ஒன்று பார்த்துப் போடுங்கள் என்று போன் செய்ய ஆரம்பித்தார்கள்.

கடல் மலைகளுக்கு நடுவே நீளமாக உள்ளே நுழைந்து கிடக்கும் இடத்தை அங்கே ஃபியார்டு என்கிறார்கள். சொகுசுக் கப்பலை அதற்குள் மெதுவாக ஓட்டிக் காட்டுவார்கள். எந்த மாதம், எந்த வழி, எந்த அறை என்று தேர்ந்தெடுத்துக் கொடுப்பது என் வேலை. படித்துப் படித்து அதில் கெட்டிக்காரனாகிவிட்டேன். வயிறு எரிய ஆரம்பித்ததும் அப்போதிலிருந்துதான்.

மக்ரிப் எப்போது?

மீமிசலில் மீன் வியாபாரம் செய்து ஓய்ந்த ஹாஜியார் ஒருவர் மனைவியோடு வந்தார். மகன் ஜெர்மனியில். ஜூன் மாதம் வடக்கே கடைசி முனை வரை போகும் கப்பலைக் காட்டி, அந்த மாதத்தில் அங்கே சூரியனே மறையாது, ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் வெயில் அடிக்கும் என்று சொன்னேன், என்னமோ நானே ஏற்பாடு செய்த மாதிரி. ஹாஜியார் முகம் மாறியது. சூரியன் மறையாவிட்டால் அந்தி நேரத்து மக்ரிப் தொழுகை எந்நேரம், ராத்திரித் தொழுகை இஷா எந்நேரம் என்று கேட்டார். மார்க்கத்தில் அதற்கு வழி இருக்கிறது என்று அவரே பள்ளிவாசலில் விசாரித்துக்கொண்டு மறுநாள் வந்தார். ஆனாலும் கண்ணெதிரே சூரியன் அடைந்தால்தான் மனசு ஒப்பும் என்றார்.

மறுபடி உட்கார்ந்து தேடினேன். மே மாத ஆரம்பத்தில், தெற்கு நார்வேயை மட்டும் சுற்றித் திரும்பும் கப்பல் ஒன்று கிடைத்தது. அங்கே தாமதமானாலும் சூரியன் மறைந்துவிடும். பனி உருகும் காலம் என்பதால் அருவிகள் நிரம்பிக் கொட்டும். நல்ல ஏழு நாள். எடுத்துக் கொடுக்கும்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. வாசலில் கடலை வைத்திருக்கிறவருக்கு எதற்கு இன்னொரு கடல்? போய்விட்டு வந்து சாக்லேட் கொண்டுவந்தார்கள். எப்படி இருந்தது என்று கேட்டேன். ஹாஜியாரின் மனைவிதான் பதில் சொன்னார்: "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. ஆனா ஏழு நாளு கடல் மேல கெடந்தும் ஒரு நேரங்கூட மீன் வாடையே வரலை. அது எனக்கு என்னமோ போல ஆயிருச்சு."

எந்தப் பக்கம் சன்னல்?

கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் வந்தார். தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறும்போதே எந்தப் பக்கம் வெயில் அடிக்காது என்று கணக்குப் போட்டு உட்காருகிற ரகம். கப்பலுக்கும் அதையே கேட்டார். ஒரு தாளில் கப்பலை வரைந்து விளக்கினேன். வடக்கே போகும்போது கரை வலது கைப்பக்கம் வரும், திரும்பும்போது இடது கைப்பக்கம். ஃபியார்டுக்குள் நுழைந்தால் இரண்டு பக்கமும் மலை. ஒரு வழி போய் விமானத்தில் திரும்புகிறவர் வலப்பக்கம் கேட்டு வாங்கலாம், போய்த் திரும்புகிறவருக்கு எந்தப் பக்கமானாலும் ஒன்றுதான். கப்பல் இங்கிலாந்திலிருந்து கிளம்பினால் இரண்டு விசா வேண்டும், கோபன்ஹேகனிலிருந்து கிளம்பினால் ஒரே விசா போதும் என்பதையும் சொன்னேன்.

வாத்தியார் எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டார். இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை என்றார். பரீட்சையில் தேறிய மாதிரி எனக்கு உள்ளுக்குள் பூரிப்பு. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, எழுந்திருக்கும்போது கேட்டார்: "கடைசியா ஒண்ணுங்க. நீங்க போனப்ப எந்தப் பக்கம் ரூம் எடுத்தீங்க?"

பெர்கனில் மழை

வாத்தியார் கேட்ட பிறகு எனக்குக் கிறுக்கு முற்றிவிட்டது. என் மனைவி வசந்தாவின் பெயரில் கணினியில் ஒரு கோப்பு வைத்திருக்கிறேன். எங்கள் இரண்டு பேருக்குமான பயணம் அதில் இருக்கிறது. ஜூன் இரண்டாம் வாரம், பால்கனி வைத்த அறை, ஊர் ஊராக நிறுத்திக் கடைவீதி காட்டாமல் மூன்று ஃபியார்டுகளுக்குள் நிதானமாகப் போய்வரும் கப்பல். இதற்கென்று சேர்த்த பணமும் பேங்கில் தூங்குகிறது. நாலு வருடமாகத் திருத்திக்கொண்டே இருக்கிறேன். ஒரு வருடம் கப்பல் பிடிக்கவில்லை. ஒரு வருடம் அறை சமையல்கட்டுக்கு மேலே. இன்னொரு வருடம் எல்லாம் சரியாக இருந்தது, அதனாலேயே சந்தேகம் வந்தது. ஒவ்வொரு திருத்தத்தையும் வசந்தாவிடம் காட்டுவேன். அவள் "ம்" என்பாள்.

தினமும் காலையில் கணினியைத் திறந்ததும் பெர்கன் நகரத்து வானிலையைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. கப்பல்கள் வந்து நிற்கும் துறைமுகம், மழைக்குப் பேர்போன ஊர். மழை என்று போட்டிருந்தால் எனக்குள் ஒரு நிம்மதி. நான் அனுப்பி வைத்தவர்கள் நனைகிறார்கள் அல்லவா! ஒருநாள் அப்படிப் பார்த்துவிட்டு, இன்றைக்கும் கொட்டுகிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பத்து வருடமாக எங்களிடம் விசாப் படிவம் நிரப்பும் ஃபர்சானா, படிவத்திலிருந்து தலையை எடுக்காமலே சொன்னார்: "நம்ம ஊர்லயுந்தான் சார் கொட்டுது. கீழ ஒங்க வண்டி சீட்டு தெப்பமா நனைஞ்சு கெடக்கு."

சகலை

இனி வருவது நான் சொல்ல வெட்கப்படுகிற கதை. வசந்தாவின் அக்காள் சரோஜாவின் கணவர், அதாவது என் சகலை, புதுக்கோட்டையில் இரும்புக் கடை வைத்திருக்கிறார். இருபத்தைந்து வருடமாக மாமனார் வீட்டு விருந்தில் முதல் இலை அவருக்கு, அடுத்த இலை எனக்கு. மனிதர் என்னை ஒரு வார்த்தை குறைத்துப் பேசியதில்லை. அதுதான் பெரிய தொந்தரவு. கோபப்பட ஒரு காரணமாவது கொடுக்க வேண்டாமா?

அவருடைய மகன் ஹாலந்தில் வேலை பார்க்கிறான். அப்பா அம்மாவை நார்வேக்கு அனுப்புகிறேன், சித்தப்பா எதைச் சொல்கிறாரோ அதையே போடுங்கள் என்று சொல்லிவிட்டானாம். சகலை வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் நல்ல எண்ணத்தோடுதான் ஆரம்பித்தேன். வசந்தா பெயரில் வைத்திருந்த கோப்பையே திறந்துவிட்டேன். அதிலிருப்பதை அப்படியே அவர்களுக்குப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. அந்த நேரம் பார்த்து அவர், நீங்களும் வந்தால் நன்றாக இருக்கும், உங்களுக்கு எங்கே லீவு கிடைக்கப்போகிறது, நிறைய போட்டோ எடுத்து அனுப்புகிறேன் பாருங்கள் என்றார். உண்மையான பிரியத்தோடுதான் சொன்னார்.

எனக்கு வந்தது பொறாமை. வேறு நல்ல பெயர் எதையாவது வைக்கலாமா என்று யோசித்துப் பார்த்துவிட்டேன், எதுவும் பொருந்தவில்லை. கோப்பை மூடினேன். செப்டம்பர் கடைசி வாரத்துக் கப்பல் ஒன்றை எடுத்தேன். பகல் சுருங்கி, அருவி இளைத்து, குளிரும் மழையும் கூடி, யாரும் கேட்டு வாங்காத வாரம். அறையையும் கப்பலின் நடுவயிற்றில் போட்டேன். சன்னலே கிடையாது, விளக்கை அணைத்தால் பகலா இரவா என்று தெரியாது. கூட்டம் குறைவாக இருக்கும் என்று சொன்னேன், அது பொய்யில்லை. பால்கனி வைத்தால் ஊதக்காற்று அடிக்கும் என்றேன், அதுவும் பொய்யில்லை. சகலை எதையும் திருப்பிக் கேட்கவில்லை. எழுந்து என் தோளைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாது சகலை. நீங்க பாத்துப் போட்டாச் சரியாத்தான் இருக்கும்."

பச்சை வெளிச்சம்

அவர்கள் போன வாரம் முழுவதும் பெர்கனில் மழை. அதற்கும் வடக்கே மேகம். நான் தினமும் பார்த்தேன், ஃபர்சானா நான் பார்ப்பதைப் பார்த்தார். ஐந்தாம் நாள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ வந்து விழுந்தது. கறுத்த வானத்தில் பச்சைச் சேலையை உதறிக் காயப்போட்ட மாதிரி வெளிச்சம். கீழே சரோஜா குல்லாய் போட்டுக்கொண்டு வாயெல்லாம் பல்லாக நிற்கிறாள்.

வடதுருவ ஒளி. வெளிச்சமான ஜூன் வானத்தில் அது தெரியவே தெரியாது, இருட்டு வேண்டும். செப்டம்பர் கடைசியில் மேகம் கொஞ்சம் விலகிக் கொடுத்தால் பார்க்கலாம். அதற்காகவே இரண்டு மூன்று தடவை போய் ஏமாந்து திரும்பியவர்கள் இருக்கிறார்கள். இப்படி நடக்கக்கூடும் என்று எனக்குத் தெரியாமலில்லை. மேகத்தை நம்பியிருந்தேன்.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வசந்தாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கி வந்திருந்தார்கள். அறை எப்படி இருந்தது என்று நானாகக் கேட்கவில்லை, சகலையே ஆரம்பித்தார். அன்றைக்குத்தான் இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கீழே பார்த்தேன். அவர் சொன்னது இது: "சன்னல் வச்ச ரூமா இருந்தா உள்ளயே போத்திப் படுத்திருப்போம் சகலை. இது பெட்டிக்குள்ள போட்டு மூடுன மாதிரி இருக்கவும், மூச்சு முட்டுதுன்னு ரெண்டு பேரும் மேல்தளத்துலயே கெடந்தோம். பால்கனிக்காரங்கள்லாம் தூங்கிட்டாங்க, நாங்க பாத்துட்டோம். யோசிச்சுத்தானே அப்படிப் போட்டீங்க?"

ஐந்து பேர்

நான் தலையை ஆட்டிவிட்டேன். அதுதான் தப்பு. சகலை புதுக்கோட்டை முழுக்க அந்தப் போட்டோவைக் காட்டி என் புகழைப் பரப்பிவிட்டார். கம்பி வாங்க வந்தவர்களுக்கெல்லாம் என் விலாசம் போனது. ஒரு காலை நான் மாடி ஏறி வரும்போது ஃபர்சானா வாசலிலேயே நிறுத்தினார்: "அஞ்சு பேரு உள்ள ஒக்காந்திருக்காங்க சார். அஞ்சு பேருக்கும் சன்னல் இல்லாத ரூமுதான் வேணுமாம். என்ன ரகசியம்னு எனக்காச்சும் சொல்லுங்க."

வசந்தா

ஃபர்சானாவிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வசந்தாவிடம் சொன்னேன். அவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கோப்பைத் திறந்தது, மூடியது, செப்டம்பரைத் தேடி எடுத்தது, நடுவயிற்று அறை, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். கூடப்பிறந்த அக்காளுக்கா இப்படிச் செய்தீர்கள் என்று கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் காம்பைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, அக்கா அந்தச் சால்வையைக் கொண்டுவந்து போர்த்திவிட்டபோது தனக்கும் வயிறு எரிந்தது என்றாள். அதுவரை அவளிடமிருந்து நான் கேட்டதெல்லாம் "ம்" மட்டும்தான். நார்வே எனக்கு மட்டுமான ஆசை என்றே நாலு வருடமும் நினைத்திருந்தேன்.

நறுக்கியதைத் தண்ணீரில் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நல்லதாப் பாத்துப் பாத்து நாலு வருசமா நம்மளுக்கு ஒண்ணும் போடலை. பொறாமையில ஒரு மணி நேரத்துல அக்காவுக்குப் போட்டீங்க, அவங்க போயிட்டே வந்துட்டாங்க. எனக்குச் சன்னலும் வேணாம், ஜூனும் வேணாம். அதே கோவத்தோட நம்மளுக்கும் ஒண்ணு போட்டுருங்க."

வடக்கே போக நல்ல மாதம் எது, நல்ல பக்கம் எது என்று யார் கேட்டாலும் இன்றைக்கும் மணிக்கணக்கில் சொல்வேன், ஆனால் அதை நல்ல மனசோடுதான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மட்டும் என் அனுபவத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது.