வேங்கையன் திரும்பிப் பார்க்காத நாள்

சென்ற செவ்வாய்க்கிழமை கடலூரில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. "அமலா போயிட்டாங்க மச்சான்," என்றார் எங்களோடு வேலை பார்த்த செல்வம். நெஞ்சுவலியாம். சிதம்பரம் வரும்வரை அழுதேன். நடுவில் ஒருமுறை சிரித்தும்விட்டேன். அவரோடு பழகிய உங்களுக்கு அது விளங்கும்.

சிதம்பரத்தில் ஒரு சிறிய அச்சகத்தில் நானும் அமலாவும் எதிரெதிர் மேசைகளில் பிழை திருத்தினோம். சுனாமிக்கு அடுத்த ஆண்டு, கம்மாபுரம் பக்கத்திலுள்ள என் ஊரின் விழாக் குழுவிடமிருந்து வேங்கையனின் வரலாறு அச்சுக்கு வந்தது. பணக்காரர்களின் களஞ்சியத்தை உடைத்து ஏழைகளுக்கு நெல் கொடுத்த கொள்ளைக்காரன் அவன். பயமே அறியாதவன் என்று கேட்டு வளர்ந்தவன் நான். கூடவே, சிறையிலிருந்து மனைவிக்கு அவன் சொல்லி எழுதவைத்த கடிதங்களின் நகல், ஒரு பழைய நோட்டில் இருந்தது. ஊரில் யாரும் அதை முழுதாகப் படித்திருக்கவில்லை.

அமலா படித்தார். ஒரு மத்தியானம் சோற்றுக் கையோடு என் மேசைக்கு ஓடிவந்தார்.

"உங்க ஆளு இடி இடிச்சா அழுவானாம்."

"சும்மா சொல்லாதீங்க."

"அவனே சொல்றான், படிங்க. பல்லு புடுங்கப் போயி மயங்கி உழுந்துருக்கான்."

இருவரும் சிரித்துத் தீர்த்தோம். மறுநாள் கடைசிக் கடிதத்தை நீட்டியபோது அவர் சிரிக்கவில்லை. காலில் குண்டு பட்ட கூட்டாளி சின்னான், 'நீ தப்பிச்சுப் போ' என்று வேங்கையனை அனுப்பிவைத்ததாகத்தான் எங்கள் ஊர்க் கதை. கடிதத்தில் இருந்தது வேறு: 'சின்னான் கூப்பிட்டான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.'

"இத எடுத்துடலாங்க. ஊருல நான் தல காட்ட முடியாது," என்றேன்.

"பொண்டாட்டிகிட்ட அவனே மறைக்கல. நாம யாரு மறைக்கறதுக்கு?"

விழாக் குழுவின் தலைவரான என் மாமாவிடம் நேரில் போய் அதை வாசித்துக் காட்டினார் அமலா. மாமா இரண்டாம் முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "போடும்மா. ஆனா வெளியீட்டன்னிக்கு நீயே படிக்கணும்," என்றார்.

படித்தார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அப்போது காக்கிச் சட்டையோடு ஒரு பஸ் கண்டக்டர் பின்வரிசையிலிருந்து எழுந்தார்.

"நான் சின்னானோட கொள்ளுப்பேரன். 'கூப்புட்டேன், அவன் நிக்கல'ன்னு சொல்லிட்டுத்தான் அவுரு செத்தாராம். எங்க வூட்டு ஆளுங்க எத்தினியோ தடவ சொல்லிட்டாங்க. ஊரு நம்பல."

மாமா மேடையிலிருந்து இறங்கிப்போய் முதல் பிரதியை அவர் கையில் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் அமலாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "பயந்தான்னு தெரிஞ்சப்புறம்தாங்க அவன் எனக்கு மனுசனாத் தெரியறான். இப்பத்தான் அவன் மேல ஆச ஜாஸ்தியாவுது," என்று சிதம்பரம் வரை பேசிக்கொண்டே வந்தார்.

யாருடைய வீர வரலாற்றைக் கையில் எடுத்தாலும், அவர் பயந்துபோன பக்கம் எங்கே என்று ஆவலோடு தேடுகிறேன். அந்த ஆவல் அமலா கொடுத்தது. அதை வைத்துக்கொள்கிறேன்.