புள்ளிகளாய் நின்றவர்

நகரத்தின் உப்பளம் பகுதியில் எங்கள் ஆய்வு அலுவலகம். காட்டை லேசர் கருவியால் அளப்போம். கருவி சுழன்று ஒளியைப் பாய்ச்சும். அது பட்டுத் திரும்பும் இடமெல்லாம் கணினியில் ஒரு புள்ளி விழும். கோடிக்கணக்கான புள்ளிகள் கூடி மரமாக, கொடியாக, புதராக நிற்கும். மலைக்குப் போய்க் கருவியை நிறுத்தி அளந்து வருபவர் என் சகா. அவர் கொண்டுவருவதைச் சுத்தம் செய்பவள் நான்.

தை மாதம் மேற்குமலையில் ஒரு காட்டை அளந்துவிட்டு வந்தார். மாசியில், வீட்டில், மாரடைப்பில் போய்விட்டார். சித்திரையில் அதே காடு பற்றி எரிந்தது. செயற்கைக்கோள் படத்தில் சரிவுகள் கறுத்துக் கிடந்தன. உள்ளே எந்த மரம் மிஞ்சியது என்று அது சொல்லாது. ஆகவே வேறொருவர் போய் மறுபடி அளந்து வந்தார். இரண்டையும் ஒப்பிட வேண்டியது என் பொறுப்பு.

தை மாதத்து அளவையைத் திறந்தேன். ஒரு பெரிய மரத்தின் முன்னால் ஓர் ஆள் நின்றிருந்தார். ஒளி சுழன்று வருவதற்குள் விலகத் தவறியிருக்கிறார். முகமில்லை, வெறும் சாம்பல் நிறப் புள்ளிகள். ஆனால் அவர்தான்.

மரமல்லாததை அழித்தாக வேண்டும். விரல் வரவில்லை. பல வாரம் தள்ளிப்போட்டேன். மாலையில் முத்தியால்பேட்டை வீட்டுக்குத் திரும்பும்போது, வண்டி நெரிசலில் யாராவது அசையாமல் நின்றால் தலையைக் குனிந்துகொண்டு கடந்தேன்.

கடைசியில் அவர் மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னேன். கல்லறைத் திருநாளன்று, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நேரே அலுவலகத்துக்கு வந்தாள்.

"அவருதாங்கக்கா. எடது தோளச் சாச்சிக்கிட்டுதான் எப்பவும் நிப்பாரு."

திருப்பிக் காட்டச் சொன்னாள். திருப்பினேன். முதுகு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.

"பின்னாடி ஏன் காலியா இருக்காரு?"

"அந்தப் பக்கம் வெளிச்சம் படலம்மா."

"அந்த மரம் இப்ப இருக்கா?"

"இல்ல. எரிஞ்சிப் போச்சி."

"அழிச்சிடுங்கக்கா. அங்க அவரு தனியா நிக்க வேணாம்" என்றாள்.

அழித்தேன். புள்ளிகள் போயின. ஆனால் அவர் உடம்பு மறைத்த இடத்தில் மரத்தின் மீதும் ஒளி பட்டிருக்கவில்லை. அடிமரத்தில், ஓர் ஆள் உயரத்துக்கு, இடது தோள் தாழ்ந்த ஓர் இருட்டு. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இத்தகைய இடைவெளிகளை ஊகித்து நிரப்பிவிடுவது எங்கள் வழக்கம். அதை நிரப்பாமல், அந்த ஒரு மரத்தை மட்டும் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டேன்.