கண் மட்டம்

நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இது என் மச்சானுக்கு நடந்தது. என் தங்கையைக் கட்டியவர். வாயைத் திறந்தால் கிண்டல்தான், ஆனால் பொய் வராது.

அருங்காட்சியகத்தில் படம் மாட்டுவது அவர் வேலை. அந்த முறை இடைக்கால ஐரோப்பாவின் கோதிக் பாணித் தேவாலயங்களின் வரைபடங்கள் வந்திருந்தன. பதப்படுத்திய தோலில் மையால் வரைந்தவை. ஊசிக் கோபுரங்கள், கூர்மையான வளைவுகள், மாடத்துக்கு ஒரு சிலை. மச்சான் சொக்கிப் போனார். ஒரு கோபுரத்தில் மட்டும் ஒரு மாடம் காலி. "மைக்குப் பஞ்சம் போல" என்று சிரித்தார்.

அந்தப் படத்தைக் குழந்தைகளின் கண் மட்டத்துக்கு மாட்டச் சொல்லியிருந்தார்கள். அளவு நாடாவைத் தேட அவருக்குச் சோம்பல். பள்ளி விட்டு வந்திருந்த மகளைக் கூப்பிட்டார்.

"குட்டி, சுவரோட ஒட்டி நில்லு."

அவள் கண்ணுக்கு நேராகப் பென்சிலால் ஒரு கோடு கிழித்தார். அந்த உயரத்தில் படத்தை மாட்டினார். அவள் எதிரே நின்று பார்த்தாள்.

கிர்ர்ர்...

கோடு கிழிக்கும் சத்தம். பென்சிலோ அவர் காதில் செருகியிருந்தது.

சத்தம் படத்தின் கண்ணாடிக்குள்ளிருந்து வந்தது.

காலி மாடத்தில் இரண்டு பாதங்கள். கறுப்பு மை. இன்னும் ஈரம்.

"அப்பா... காலு மரத்துப் போச்சு."

கிர்ர்ர்... முழங்கால். பாவாடை விளிம்பு.

தூக்கினார். அசையவில்லை. தரையோடு வேர் விட்டிருந்தாள்.

"அப்பா, கை..."

கிர்ர்... தோள். கழுத்து...

அடுத்த வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை.

படத்தைப் பிடுங்கித் தரையில் கவிழ்த்தார்.

நிசப்தம்.

குட்டி அவர் மேல் விழுந்து அழுதாள். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. படத்தை நிமிர்த்தியபோது மாடத்தில் ஒரு சிறுமி முழுதாக நின்றிருந்தாள். கண்கள் மட்டும் இல்லை.

மை, மற்ற கோடுகளைப் போலவே பல நூற்றாண்டுப் பழையது என்று ஆய்வாளர் சொன்னார். படம் வந்த இடத்துக்கே திரும்பிப் போனது. விட்டது சனியன் என்றிருந்தோம்.

நான்கு வருடம் ஆயிற்று. போன மாதம் அந்தப் படத்தைப் புதிதாக அச்சிட்ட பிரதி ஒன்று மச்சான் கைக்கு வந்தது. மாடத்தில் நிற்பவளின் தலை இப்போது வளைவை முட்டுகிறது.

அந்தத் தோலைக் கொளுத்தக் கை பரபரக்கிறது. ஆனால் அதில் நிற்பது யார் என்று தெரியாமல் எப்படிக் கொளுத்துவது?

குட்டி ஒரு விரற்கடைகூட வளரவில்லை. மருத்துவர்கள் கையை விரித்துவிட்டார்கள். அந்த வருடம் வாங்கிய பள்ளிக் காலணியைத்தான் இன்னும் போடுகிறாள்.

இந்த வாரம் அது தொளதொளவென்று கழன்று விழுகிறது.