மரியதாஸ் அங்கிளிடம் நான் சொன்ன ஜனவரி

மரியதாஸ் அங்கிள் இன்று காலை தவறிவிட்டார். தோழி செல்விதான் டீ பிரேக்கில் போன் செய்து சொன்னாள்... நெஞ்சுவலியாம், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே.

தெரியாதவர்களுக்கு... அங்கிள் ஒரு ஃபுட்பால் ஸ்கவுட். கூலாய், பொந்தியான், பண்டார் தெங்காரா என்று சின்னச் சின்ன லீக் நடக்கும் திடல்களுக்கு மோட்டார் சைக்கிளில் போய், ஜே.பி. நகரத்தில் இருக்கும் ஒரு கிளப்பின் அகாடமிக்குப் பிள்ளைகளைத் தேடிக் கொடுப்பவர்.

என் மகன் நவீனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. டீமிலேயே குட்டை, ஜெர்சி முழங்கால் வரை தொங்கும்.

ஆட்டம் முடிந்ததும் அங்கிள் அம்மாக்களிடம் வருவார். பெயர் கேட்கமாட்டார், ஸ்கூல் கேட்கமாட்டார்... "தம்பி எந்த மாசம்மா பொறந்தாரு?" அவ்வளவுதான்.

எங்களுக்குத் தலை வெடித்துவிடும் போல இருந்தது. எதற்காக மாதம் கேட்கிறார்?

"ராசி பாத்துதான் எடுக்கிறாரு லா" என்றாள் செல்வி. எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. பெரிய கிளப், அதிர்ஷ்டம் பார்க்காமலா ஆள் எடுப்பார்கள்?

நவீன் பிறந்தது டிசம்பர் கடைசி. அதாவது மார்கழி. மார்கழியில் நல்ல காரியம் எதுவும் செய்யமாட்டோமே, இவர் மட்டும் எடுத்துவிடுவாரா என்று பயந்துபோனேன்.

அதனால் என் முறை வந்தபோது கூசாமல் சொன்னேன். "ஜனவரி அங்கிள். தை மாசம். உத்திராடம்."

"ஜனவரியா..." என்று நவீனைத் திரும்ப ஒருமுறை பார்த்தார். "நட்சத்திரம்லாம் வேணாம்மா" என்றுவிட்டு அடுத்த அம்மாவிடம் போய்விட்டார்.

அகாடமி ட்ரையலுக்குக் கூப்பிட்டவர்கள் லிஸ்ட்டில் நவீன் பெயர் இல்லை. செல்வியின் மகன் பெயர் இருந்தது.

நவீன் அழவில்லை. பூட்ஸைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "நான் நல்லா ஆடலம்மா. இனிமே போகமாட்டேன்" என்றான். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து செல்வி சொன்னாள், "நவம்பர்னு சொன்னதும் அவருக்கு ஒரே சந்தோஷம். வருஷக் கடைசியில பொறந்த புள்ளைங்களத்தான் தேடுறாராம்டி."

அலமாக்! கையில் இருந்த சோறு அப்படியே தட்டில் விழுந்தது.

அந்தச் சனிக்கிழமை நவீனின் பிறப்புப் பத்திரத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பொந்தியானுக்குக் கார் ஓட்டினேன். அங்கே ஒரு லீக் ஆட்டம், அங்கிள் கார்னர் கொடிப் பக்கம் நின்று பிளாஸ்டிக் பையில் பாலில்லாத தே ஓ குடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ஜாதகம் பாக்குறீங்கன்னு நெனச்சி, மாசத்த மாத்திச் சொல்லிட்டேன் அங்கிள்."

தே ஓ சட்டையில் சிந்தும் அளவுக்குச் சிரித்தார். "நான் வேதக்காரன்மா! மாதா கோயிலுக்குப் போறவன். எனக்கு எங்கம்மா தெரியும் மார்கழியும் உத்திராடமும்?"

பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "ஒரே வருஷத்துல ஜனவரியில பொறந்தவனும் டிசம்பர்ல பொறந்தவனும் ஒரே டீம்ல ஆடுறாங்க. கிட்டத்தட்ட ஒரு வயசு வித்தியாசம்மா... இந்த வயசுல அது ரொம்பப் பெருசு. பெரிய பையன எல்லாரும்தான் எடுப்பாங்க. டிசம்பர் புள்ளைய யாரு பாக்குறா?"

"அப்ப நவீன்?"

"பந்து வர்றதுக்கு முன்னாடியே தலையத் திருப்பி யாரு எங்க நிக்கிறான்னு பாத்துக்கிறான். எனக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சி. நீங்க ஜனவரின்னதும், சரி, ஒரு வயசு கூட இருந்தும் இவ்வளவுதான் வளந்திருக்கான்னு விட்டுட்டேன்."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அங்கிள்" என்று கேட்டுக்கொண்டேன்.

அடுத்த நாளே எங்கள் ஊர் கூலாய்க்கு வந்தார். வீட்டு வாசலிலேயே ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நவீனிடம் சொன்னார், "தம்பி, அன்னிக்கு அங்கிள் சரியா பாக்கல. ஸாரிப்பா. ட்ரையலுக்கு வா."

கட்டிலுக்கு அடியில் இருந்து பூட்ஸ் வந்த வேகம் இருக்கிறதே...

அதற்குப் பிறகு அவர் எங்கள் திடலுக்கு வந்தால் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். "இப்ப யாரப் பாக்குறீங்க? ஏன் அவன? அவன்தான் பந்தையே தொடலையே?" என்று நச்சரிப்பேன்.

ஒரு நாள் அவர் பார்த்துக்கொண்டிருந்தது, ஆட்டத்திலிருந்து வெளியே எடுக்கப்பட்ட பையனை. உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றுகிறானா, இல்லை இன்னும் ஆட்டத்தைப் பார்க்கிறானா என்று பார்த்தாராம்.

"இவன் பெரிய ஆளா வருவானா அங்கிள்?"

"தெரியாதும்மா. தெரிஞ்சா நான் ஏன் இவ்வளவு தூரம் வந்து வெயில்ல நிக்கிறேன்?"

நவீனுக்கு இப்போது பதினேழு. அந்த கிளப்பின் இளையோர் அணியில் ஆடுகிறான், வெளியூர் மேட்சுக்குப் போயிருக்கிறான். செல்வி சொன்னதும் அவனுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"அம்மா... எங்கிட்ட ஸாரி சொன்ன ஒரே பெரியவரு அவருதாம்மா" என்றான்.

நான் மாதத்தை மாற்றிச் சொன்னதை ஐந்து வருஷமாக அவனிடம் சொல்லவில்லை. இப்போதும் நேராகச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நவீன், அன்றைக்கு நீ நன்றாகத்தான் ஆடினாய். அங்கிளும் சரியாகத்தான் பார்த்தார். அவர் சொன்ன ஸாரி, நான் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியது.

அங்கிள், சொல்லிவிட்டேன். போய் வாருங்கள்.