ஒரு காசும் அம்மாவின் பிரசவமும்

எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியார், எங்கள் சேர், ஒரு சதக் காசைச் சுண்டி நிகழ்தகவு சொல்லிக்கொடுத்தார். தொடர்ந்து நாலு தடவை எண் பக்கமே விழுந்தது. அடுத்தது தலைதான் என்று வகுப்பே கத்தியது.

"முன்னால என்ன விழுந்துச்சுன்னு காசுக்குத் தெரியாது. இப்பவும் பாதிக்குப் பாதிதான்," என்றார் அவர்.

எனக்குத் திக்கென்றது. வீட்டில் நாங்கள் நாலு பேரும் பெண்கள். அம்மா நிறைமாதம். இந்த முறை ஆண்தான் என்று தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயமே சொல்லிக்கொண்டிருந்தது.

அன்று மாலை, ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மாவிடம் போனேன்.

"அம்மா, தலை விழுந்தா தம்பி, எண் விழுந்தா தங்கச்சி. பாதிக்குப் பாதிதானாம்."

"ஏண்டி, வயித்துல இருக்கிறது காசா? போயி தண்ணி எடுத்துட்டு வா."

மறுவாரம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. ஒன்று ஆண், ஒன்று பெண். அப்பா சிரித்துக்கொண்டே அழுதார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் காசு எந்தப் பக்கம் விழுந்தது என்று புரியவில்லை. சேரிடமே கேட்டேன்.

அவர் சிரித்தார். "அப்போ ரெண்டு காசு சுண்டணும்மா."

"ரெண்டுன்னு முன்னாடியே எப்படி சேர் தெரியும்?"

கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த சோக்கட்டியை மேசையில் வைத்தார். "அது தெரியாதும்மா," என்றார்.

குழம்பிப்போய் வீட்டுக்கு வந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த அம்மா துணியில் சுற்றிய ஒரு பிள்ளையை என் மடியில் வைத்தார். அது தம்பியா தங்கச்சியா என்று முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை.