டீம் போட்டோவில் நான் மட்டும் வேட்டியில்

கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிற ஃபுட்பால் டீம் போட்டோவில் எல்லாரும் அரைக்கால் சட்டையில் இருக்க, நான் மட்டும் ஏன் வேட்டி கட்டி ஓரமாக நிற்கிறேன் என்று நீங்கள் ரெண்டு பேரும் பல தடவை கேட்டிருக்கிறீர்கள். நானும் ஏதோ சொல்லி மழுப்பியிருக்கிறேன். போன வாரம் டி.வி.யில் மேட்ச் ஓடும்போது, மைதானத்து ஓரமாகக் கைகட்டி நின்ற ஒருவரைக் காட்டி, "அவரு ஸ்வீடன்காரருப்பா. முன்ன நடுவுல ஆடினவரு, இப்ப மேனேஜரு" என்றான் பெரியவன். "நம்ம அப்பா மாதிரி!" என்று சின்னவள் சிரித்தாள். சிரிப்புக்குத்தான் சொன்னாள். ஆனால் அந்த மனிதர் முகத்தில் தெரிந்த அசதி எனக்குப் பழக்கமான அசதி. அதனால் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து, பார்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் ஆடினது ஹாஃப். பின்னால் தடுக்கிறவர்களுக்கும் முன்னால் கோல் போடுகிறவர்களுக்கும் நடுவில் ஓடிக்கொண்டே இருக்கிற இடம். பந்தை வாங்கு, கொடு, மறுபடி ஓடு. அவ்வளவுதான். கோல் போட்டவனைத் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். ஹாஃப் அந்த நேரத்தில் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பான்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது, எங்கள் தெருவில் காலையில் தறியில் ஏற்றுவதற்கான பட்டுப் பாவு விரித்திருப்பார்கள். தெரு நீளத்துக்கும் பெரியவர்கள் இடுப்பு உயரத்தில் நூல் ஓடும். பந்து ஒரு தடவை அதில் பட்டால் போதும், வீடு வீடாக உதை விழும். அதனால் பந்தைத் தரையோடு தரையாகப் பாவுக்கு அடியில் தள்ளித்தான் நாங்கள் ஆடப் பழகினோம். எனக்கு எதிரே அடுத்த பக்கம் நின்று வாங்குகிறவன் ஒருத்தன் இருந்தான். பிற்பாடு எங்கள் டீமின் சென்டர் ஃபார்வர்டு ஆனவன் அவன்தான். பாவு மறைப்பதால் அவன் முகம் எனக்குத் தெரியாது, கால் மட்டும் தெரியும். அந்தக் கால் போகிற வேகத்தைப் பார்த்தே பந்தைத் தள்ளுவேன்.

பெரியவர்கள் ஆனதும் இருவரும் தறியில் உட்கார்ந்தோம். அமாவாசை அன்று ஊரில் தறி ஓடாது என்பதால் எங்களுக்கு மேட்ச் என்றால் அமாவாசைதான். மற்ற நாளெல்லாம் தறிக் குழியில் கால், அமாவாசைக்குக் கோட்டை மைதானத்தில் கால். எழுபதுகள் முழுக்க இப்படித்தான் போனது. எண்பது பிறந்த பிறகு என் வலது முழங்கால் வீங்க ஆரம்பித்தது. ஒரு மேட்ச் ஆடினால் அடுத்த அமாவாசை வரை நொண்டுவேன்.

அப்போது டீமைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலை மாறி வேலூருக்குப் போய்விட்டார். "நீயே மேனேஜரா இருண்ணா" என்றார்கள். மரியாதை என்று நினைத்து ஒத்துக்கொண்டேன். பனியன் துவைப்பது, பந்துக்குக் காற்றடிப்பது, பஸ்ஸுக்கு ஆளைத் திரட்டுவது, சண்டை போட்டவர்களைச் சேர்த்து வைப்பது, எல்லாம் என் தலையில் வந்தது. ஆட்டமும் விடவில்லை. பதினோரு பேரை நான்தானே எழுதுகிறேன், ஹாஃப் இடத்தில் என்னையே எழுதிக்கொண்டேன்.

"இன்னாண்ணா, உன் முட்டி பூசணிக்கா மாதிரி வீங்கிகினு இருக்குது. இன்னும் ஓடறயே" என்பான் ஃபார்வர்டு.

"ஃபைனலு ஒண்ணு ஆடிட்டு வுட்டுர்றன்டா."

ஃபைனல் என்பதை அதுவரை நாங்கள் பார்த்ததே இல்லை. அந்த வருஷம் பக்கத்து ஊரான சேத்துப்பட்டு டோர்னமென்டில் எப்படியோ வந்துவிட்டோம். அதில் மட்டும் ஆடிவிட வேண்டும், அப்புறம் கால் போனாலும் போகட்டும் என்றிருந்தேன்.

ஆனால் ஃபைனல் அமாவாசையில் வரவில்லை. முகூர்த்த மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்குச் சொந்தத் தறி, நிறுத்திவிடலாம். மற்றவர்களுக்கு அவர்கள் முதலாளிகளிடம் வீடு வீடாகப் போய் லீவு கேட்டேன். எல்லாரும் விட்டார்கள், ஃபார்வர்டின் முதலாளியைத் தவிர. அவர் வீட்டுத் தறியில் அவன் கல்யாணச் சேலை ஒன்றைப் பாதி நெய்திருந்தான். திங்கட்கிழமை காலையில் பெண் வீட்டுக்காரர்கள் வருகிறார்கள்.

"பந்து உதைக்கறதுக்கு லீவா? அவங்க வந்து நின்னா, கோலு வாங்கிகினு போங்கன்னு சொல்லவா?" என்றார் முதலாளி.

"வேற ஆள உட்கார வெச்சா?"

"ஒன்னும் தெரியாத மாதிரி பேசறயே. கை மாறினா சேலைல வரி உழுந்துடாது? ஒருத்தன் அடி இன்னொருத்தனுக்கு வருமா?"

அவர் சொன்னது சரிதான். குறுக்கு இழையோடு நாடா போன பிறகு பலகையை இழுத்து அடிக்கிற அடி ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் பிடித்தால் துணியில் கோடு போட்டதுபோல் தெரியும். நான் எழுந்து வாசல் வரை வந்துவிட்டேன். என் இடத்தில் ஆட அரிசி மில்லில் வேலை செய்கிற ஒருவர் இருந்தார், ஓரளவு சமாளிப்பார். ஃபார்வர்டு இடத்தில் ஆட யாருமே இல்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது இது தோன்றியது. தோன்றியிருக்க வேண்டாம் என்றும் தோன்றியது. செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப உள்ளே போனேன்.

"நான் உட்கார்றேங்க. அவன் அடி எனக்குத் தெரியும்."

முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீயும் ஆடறவன்தானே?"

"நான் மேனேஜருங்க."

ஃபார்வர்டுக்கு விஷயம் தெரிந்ததும் கத்தினான். "இன்னாண்ணா பேஜாரு பண்ற! நீ இல்லாம நான் யாருகிட்ட பந்து வாங்கறது?"

"மில்லுக்காரரு குடுப்பாரு. கொஞ்சம் முன்னாடியே குடுப்பாரு, நீ ஜல்தியா ஓடு."

ஞாயிறு காலை டீமை பஸ் ஏற்றிவிட்டு நேராக அவன் தறிக்குப் போனேன். சனிக்கிழமை ராத்திரி வரை அவன் நெய்தது போக, ஒரு நாள் வேலை மிச்சம் இருந்தது. முதலில் கை ஒத்துவரவில்லை. நான் அழுத்தி அடிக்கிறவன், அவன் லேசாக அடித்துச் சட்டென்று விடுகிறவன். பாவுக்கு அடியில் அவன் கால் போன வேகத்தை நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் கை தானாக அந்த ஓட்டத்துக்கு வந்தது. முழங்கால்தான் வரவில்லை. ஓடுவதற்காகப் பத்திரப்படுத்தி வைத்த கால், நாள் முழுக்கத் தறியின் மிதிகட்டையை மிதித்தது. சாயங்காலம் இந்நேரம் ஆரம்பித்திருப்பார்கள், இந்நேரம் பாதி ஆட்டம் முடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு இடத்தில் இழை அறுந்தது. முடிச்சுப் போட்டுவிட்டு, அதோடு கணக்குப் போடுவதை விட்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சேலை முடிந்தது. முதலாளி அதைப் பிரித்து, விரலால் தடவிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் நின்றார். "இங்கதான் நீ உட்கார்ந்த. ஒரு ஜாண் தெரியுது. அப்புறம் தெரியல."

"எடுத்துக்குவாங்களா?"

"கொசுவத்துக்குள்ள போயிடும். போ, போய்ப் படு."

நான் எழுந்திருக்க முயன்றபோது கால் மடங்கவில்லை. குழி விளிம்பிலேயே வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் டீம் மொத்தமும் பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக அங்கே வந்தது. தோற்றுவிட்டார்கள். எங்களுக்குக் கிடைத்த ஒரே கோல் ஃபார்வர்டு போட்டது. கையில் சின்னதாக ரெண்டாம் பரிசுக் கப்பு.

"நீ இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம்ணா" என்றான்.

"இந்தக் காலோடயா?"

அவன் குனிந்து சேலையைப் பார்த்தான். "எங்கண்ணா மாத்தினே? தெரியலயே" என்றான். முதலாளி அந்த ஜாணைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். பிறகு ஏனோ சேலையை மடித்து வைத்துவிட்டார்.

கப்போடு போட்டோ எடுக்கவேண்டும் என்று ஒரே பிடிவாதம். ஸ்டுடியோ மூடுவதற்குள் அப்படியே என்னைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். வீட்டுக்குப் போய்ப் பனியன் மாற்றிக்கொண்டு வா என்று ஒருவர் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். அன்றைக்கு நான் ஆடவில்லையே. அதற்குப் பிறகும் ஆடவில்லை. அடுத்த அமாவாசையிலிருந்து மைதானத்து ஓரம்தான்.

இன்னொரு முறை அந்தப் படத்தைப் பார்த்தால், நான் ஓரமாகச் சாய்ந்து நிற்பதையும் பாருங்கள். பக்கத்தில் நிற்கிற ஃபார்வர்டு என் முதுகுக்குப் பின்னால் கை கொடுத்துத் தாங்கியிருக்கிறான். படத்தில் அது தெரியாது.